நூற்று அறுபத்து மூன்று மீட்டர்

வாரத்தில் ஆறு நாள் மேலே போவது என் தொழில்.
மின்தூக்கிப் பெட்டியின் கூரைமேல் நின்று
வடத்தில் காய்ந்த கிரீசைத் துடைப்பவள்.
ஏழாவது நாளும் ஏறப் போகிறேன் என்றேன்.
"சிங்கப்பூரில் மலையா, காக்?"
ஜுனைதி சிரித்தான்.

இருக்கிறது. பெரும்பாலும் பெயரில்.
புக்கிட் என்று தொடங்கும் நிறுத்தங்கள் சிலவற்றில்
பேருந்து கியர் கூட மாற்றுவதில்லை.
வெட்டிய மண் கடலுக்குள் போய்
அதன்மேல் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.
மிச்சத்தை ஒரே நாளில் நடந்துவிடலாமென்று
பழைய வேலைச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
ஆறு உச்சி. இரண்டு ரொட்டி. தண்ணீர்.

புக்கிட் கோம்பாக். இன்னும் விடியவில்லை.
உச்சிக்கு வெகு கீழேயே வேலி.
துப்பாக்கி வரைந்த பலகை
நான்கு மொழியில் நில் என்றது.
தமிழில் படித்தேன், மரியாதைக்கு.
ஒரு மைனா அந்தப் பக்கம் போய்
இந்தப் பக்கம் வந்தது.
சீட்டில் அந்தப் பெயரை அடிக்க மனமில்லை;
பக்கத்தில் அரைவட்டம் போட்டேன்.

புக்கிட் பாத்தோக்கில் நேரான படிக்கட்டு.
முழங்கால் வலிக்கு நல்லதென்று
பின்பக்கமாக இறங்கிவந்த ஓர் அம்மா
என்மேல் மோதிவிட்டு
என்னைத்தான் பார்த்து நடக்கச் சொன்னார்.

புக்கிட் தீமா தார்ச்சாலையில்
பையில் அரிசி மூட்டை கட்டிச் சுமந்து
நான்கு பையன்கள் மூச்சிரைத்து ஏறினார்கள்.
இமயத்துக்குப் பயிற்சியாம்.
நான் வேர்ப்பாதைக்குத் திரும்பினேன்.
சில்வண்டுச் சத்தம், பழுதான மோட்டார் மாதிரி,
எங்கிருந்தென்று காது தேடிக்கொண்டே வந்தது.
உச்சியில் ஒரு பாறை, அதில் உயரம்.
கணக்குப் போட்டேன்: ஐம்பது மாடி.
நாட்டின் கூரையில் நிற்கிறேன்,
கைப்பேசி அடிக்கிறது.

"காக் தீலா, நானூற்றுப் பன்னிரண்டாம் புளோக்.
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே நிற்கிறது.
உள்ளே ஓர் ஆள். ஒரு பூனை."
மின்சாரத்தை நிறுத்தினாயா?
பிரேக்கை விடு. ஒரு விரல் அளவு. பிடி.
இன்னும் ஒரு விரல். பிடி.
மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கியது,
அதுவும் விரல் விரலாக.
"பூனை வந்துவிட்டது, காக்!"
ஆள்?
"அவரும்."
திரும்பினால் ஒரு ரொட்டி குறைவு.

பழைய ரயில் பாதையில் தெற்கே மூன்று மணி நேரம்.
இடது சுண்டுவிரல் நகம்
தன்னைப் பற்றி மட்டுமே பேசியது.

கென்ட் ரிட்ஜில் மழை பிடித்துக்கொண்டது.
மின்னல் மிக அருகே. குடிலுக்குள் ஓடினேன்.
கைப்பேசி செத்திருந்தது.
துறைமுகம் இல்லை, கிரேன் இல்லை,
எதிர்ப் புளோக்கும் இல்லை,
நான்கு தூண், அதற்கப்பால் வெள்ளை.
பத்து நிமிட நடையில் பேருந்து நிறுத்தம் இருப்பது
தெரியாமல் இல்லை.
ஆனாலும் அந்த நாற்பது நிமிடம்
எந்த மாடியிலும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.
இதற்காகத்தான் வந்தேனா,
சொல்லத் தெரியவில்லை.
கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.
மிச்ச ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளித் தின்றேன்,
நாளைக்கும் வேண்டியிருக்கும் என்பதுபோல.

தெலுக் பிளாங்காவில் மர உச்சிகளுக்கிடையே இரும்புப் பாலம்.
தளத்தின் கம்பிக்கண் வழியே கீழே தெரிந்தால்
எனக்குக் கால் கூசுவதில்லை.
ஃபேபர் குன்றில் கூட்டம்.
எல்லாரும் சூரியன் இறங்குவதைப் படம் எடுத்தார்கள்.
நான் கேபிள் கார் வடத்தைப் பார்த்தேன்.
நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை எங்கள் புளோக் மின்தூக்கியில்
சிவந்த சேற்றுத் தடம் இரண்டு,
பொத்தான்களைப் பார்த்து நின்ற கால்கள்.
ஏழாம் மாடிக்காரர் நாக்கைச் சப்புக்கொட்டி
"யாருக்கும் பொறுப்பே இல்லை" என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன்.
ஆமாம் என்றேன்.